தந்தாரா, கொடுத்தாரா?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இரண்டு சின்ன வினைச்சொற்கள் கணக்கையே மாற்றிவிடுகின்றன. சென்னைத் தமிழ் ஏறக்குறைய மறந்துவிட்ட ஓர் இலக்கண விதி அங்கே தினமும் வியாபாரம் பார்க்கிறது.

காலை ஒன்பதரை மணி. சாலையில் ஒரு மொத்த மளிகைக் கடை. முதலாளி வெளியே போயிருக்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில், மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத பையன். நெடுமங்காட்டில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் மலையாளி ஒருவர் பழைய பாக்கியைப் பையனிடம் எண்ணி வைத்துவிட்டுப் புதுச் சரக்குக்காகக் காத்து நிற்கிறார். முதலாளியிடமிருந்து போன் வருகிறது. நெடுமங்காட்டுப் பாக்கி என்ன ஆயிற்று?

"குடுத்துட்டாரு மொதலாளி" என்கிறான் பையன்.

மறுமுனையில் குரல் உயர்வது வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கிறது. "ஆருக்குலே குடுத்தாரு? ஒனக்குத் தந்தாரா, வேற ஆருக்காவது குடுத்தாரா?"

பையன் விழிக்கிறான். பணம் கண்ணெதிரே கல்லாவில் இருக்கிறது. இதில் சந்தேகம் எங்கிருந்து வந்தது? நெடுமங்காட்டுக்காரர் சிரித்துக்கொண்டே போனை வாங்குகிறார். "தந்நு அண்ணாச்சி, தந்நு." அவ்வளவுதான். முதலாளியின் குரல் தணிந்துவிட்டது.

சாலையில் பிறந்து வளர்ந்த அந்த முதலாளி தமிழர். பையனும் தமிழன். இருவருக்கும் தாய்மொழி ஒன்றே. ஆனால் பையன் சொன்னதை முதலாளியைவிடச் சரியாகப் புரிந்துகொண்டதும், முதலாளி கேட்டதைப் பையனைவிடச் சரியாகப் புரிந்துகொண்டதும் இடையில் நின்ற மலையாளிதான்.

யாருக்கு என்று சொல்லவே வேண்டாம்

மலையாளத்தில் 'தருக' என்று ஒரு வினை, 'கொடுக்குக' என்று ஒரு வினை. ஆங்கில அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் 'கிவ்' என்றுதான் போட்டிருக்கும். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. பொருள் எனக்கோ உனக்கோ வந்து சேர்ந்தால் 'தருக'. மூன்றாவது ஆளிடம் போய்ச் சேர்ந்தால் 'கொடுக்குக'. 'எனிக்கு தா', 'நினக்கு தராம்', 'அவனு கொடுக்கு' - இதுதான் முறை. 'எனிக்கு கொடுக்கு' என்று யாராவது சொன்னால் பள்ளிக்கூடம் போகாத குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கனம் இருக்கிறது. வினையே திசையைச் சொல்லிவிடுவதால், யாருக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'பைசா தந்நோ?' என்று கேட்டால், பணம் நம் கைக்கு வந்ததா என்று பொருள். 'பைசா கொடுத்தோ?' என்றால், பணம் அந்த இன்னொருவன் கைக்குப் போய்விட்டதா என்று பொருள். கடன் வசூலாவதும் கடன் அடைபடுவதும் இந்த ஒரு சொல்லில் பிரிகின்றன. அதனால்தான் பையன் சொன்ன 'குடுத்துட்டாரு' முதலாளியின் காதில், 'பணத்தை வேறு யாரிடமோ ஒப்படைத்துவிட்டார்' என்று விழுந்தது. 

பணத்தோடு நிற்பதுமில்லை. உதவி, தகவல், பாடம் என்று கைமாறும் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 'பறஞ்ஞுதந்நு' என்றால் எனக்குச் சொல்லித் தந்தார். 'பறஞ்ஞுகொடுத்து' என்றால் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். தமிழிலும் 'சொல்லித் தருவது', 'சொல்லிக் கொடுப்பது' என்று இரண்டும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று சென்னையில் பத்துப் பேரைக் கேட்டால், பெரும்பாலோர் யோசித்துவிட்டு 'ரெண்டும் ஒண்ணுதானே' என்பார்கள்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இன்றைய பேச்சில் 'குடு' எல்லா வேலையையும் எடுத்துக்கொண்டுவிட்டது. 'எனக்குக் குடு', 'உனக்குக் குடுக்கிறேன்', 'அவனுக்குக் குடுத்தேன்' - எல்லாமே சரளம். 'தரேன்', 'தா' என்பவை இல்லாமல் போகவில்லை. ஆனால் அவை ஓசைக்காகவோ பழக்கத்துக்காகவோ வருகின்றன. எழுத்திலோ நிலைமை தலைகீழ். 'அரசு அவருக்கு விருது தந்தது' என்று பத்திரிகையில் படித்தால் நமக்கு எதுவும் உறுத்துவதில்லை. இலக்கணப்படி அங்கே உட்கார வேண்டியது 'கொடுத்தது'.

தெற்கே போகப் போக நிலைமை மாறும். நாகர்கோவிலில் 'எனக்குத் தா', 'நான் ஒனக்குத் தாறேன்', 'அவனுக்குக் குடு' என்பதே இயல்பான பேச்சு. அங்கிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் வடமேற்கே இருக்கும் சாலையிலும் தமிழர் வீடுகளில் இதே வழக்குதான்.

கடைத்தெரு பேசும் மொழி

பத்மநாபசுவாமி கோயிலுக்குக் கிழக்கே, கிழக்கே கோட்டை வாசலில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீள்கிறது சாலைக் கடைத்தெரு. மலையாளத்தில் அதன் பெயர் 'சால'. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை இது. தலைநகருக்கு வேண்டிய சரக்கெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சரக்கோடு தமிழ் வணிகர்களும் வந்தார்கள். திருநெல்வேலி, செங்கோட்டை, நாஞ்சில் நாடு என்று பல பக்கத்திலிருந்தும் வந்து தங்கிய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கேயே கடை நடத்துகின்றன. இன்றும் வெங்காயமும் மிளகாயும் காய்கறியும் தமிழ்நாட்டு லாரிகளில்தான் பெரும்பாலும் வந்து இறங்குகின்றன. ஓணத்துக்குக் கோலம் போடும் பூவில் ஒரு பெரும் பங்கு தோவாளையிலிருந்து வருகிறது.

வினைச்சொல்லுக்குப் பொருள் தேடிச் சண்டை போடுவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. சாலையை ஒட்டிய வலியசாலைதான் ராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் குறிப்பிடும் காந்தளூர்ச் சாலை என்று கருதப்படுகிறது. அங்கே அரசன் 'கலமறுத்ததாக' அந்தக் கல்வெட்டுகள் சொல்கின்றன. கப்பல்களை அழித்தானா, வேறு ஏதாவது செய்தானா என்ற வாதம் வரலாற்றாசிரியர்களிடையே நெடுங்காலம் நடந்துவந்திருக்கிறது.

கடைத்தெரு வாதம் அவ்வளவு பெரியதல்ல. இங்கே இரண்டு மொழிகள் ஒரே தராசில் நிற்பதால், ஒரே மாதிரி ஒலித்து வேறு பொருள் தரும் சொற்கள் தினமும் தடுக்கிவிடும். தமிழில் 'தூங்குவது' இளைப்பாறல். மலையாளத்தில் 'தூங்ஙுக' என்றால் தொங்குவது. புதிதாக வந்த தமிழன் 'அண்ணாச்சி உள்ளே தூங்குறாரு' என்று சொல்லி வாடிக்கையாளரைப் பதறவைப்பது பழைய நகைச்சுவை. இந்த மாதிரித் தடுமாற்றம் உடனே வெளியே தெரிந்துவிடும், சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். 'தா', 'கொடு' விஷயம் அப்படி இல்லை. இரண்டும் இரண்டு மொழியிலும் ஏறத்தாழ ஒரே பொருளைத்தான் தருகின்றன. பிசகு வெளியே தெரிவதில்லை. கணக்கில்தான் தெரியும்.

தொல்காப்பியர் போட்ட கோடு

சாலைத் தமிழர்கள் இந்த வேறுபாட்டை மலையாளத்திடமிருந்து கடன் வாங்கினார்களா? தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். கேரளத்தில் இருந்து இருந்து இவர்களுடைய பேச்சு கெட்டுவிட்டது என்ற தொனியும் அதில் உண்டு.

தமிழின் மிகப் பழைய இலக்கண நூலான தொல்காப்பியத்தைத் திறந்தால் விடை கிடைக்கிறது. சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் நான்கு சொற்கள் ஒன்றாக நிறுத்தப்படுகின்றன: செலவு, வரவு, தரவு, கொடை. இவற்றில் தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. மற்ற இரண்டும், அதாவது செல்லுதலும் கொடுத்தலும், படர்க்கைக்கு உரியவை என்று விதி செய்கிறது நூல். என்னிடமும் உன்னிடமும் ஒன்று வரும், ஒருவர் தருவார். அவனிடம் ஒன்று செல்லும், ஒருவர் கொடுப்பார். நெடுமங்காட்டுக்காரரின் 'தந்நு' இந்த விதிக்கு எழுத்துப் பிசகாமல் பொருந்துகிறது. பல நூற்றாண்டுகள் கழித்து வந்த நன்னூலும் இந்த நான்கு சொற்களையும் மறக்கவில்லை.

'வா' என்ற சொல்லையும் 'தா' என்ற சொல்லையும் தொல்காப்பியர் ஒரே அணியில் நிறுத்தியது தற்செயலாகத் தோன்றவில்லை. வா, வந்தான், வருவான்; தா, தந்தான், தருவான். இந்த இரண்டு வினைகளும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒரே வழியில் உருமாறுகின்றன. தமிழில் வேறெந்த வினையும் இப்படி உருமாறுவதில்லை. மலையாளத்திலும் வந்நு, தந்நு, வரும், தரும். ஒன்று தானாக இங்கே வருவது. மற்றது ஒருவர் கொண்டுவந்து சேர்ப்பது.

இந்த நுட்பம் அமெரிக்காவரை போயிருக்கிறது. 1930களில் நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளை அவர்களோடு இருந்து ஆராய்ந்தவர் மொழியியல் அறிஞர் எம்.பி. எமனோ. திராவிட மொழிகளின் 'வா', 'தா' என்ற இரண்டு வினைகளைப் பற்றி மட்டுமே 1945-இல் 'லாங்குவேஜ்' என்ற ஆய்விதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஊட்டியைச் சுற்றிய மலைகளில் சிலநூறு, சில ஆயிரம் பேர் மட்டும் பேசும் அந்த மொழிகளிலும் எனக்கு-உனக்குத் தருவது வேறு, அவனுக்குக் கொடுப்பது வேறு. பின்னர் டி. பர்ரோவும் எமனோவும் சேர்ந்து 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் 'தரு' என்பதற்குத் தன்மைக்கும் முன்னிலைக்கும் கொடுத்தல் என்றே பொருள் தருகிறது.

மலையாளத்தின் நிழல்கூடப் படாத இடத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. யாழ்ப்பாணத்துக் கடையில் 'எனக்கு ரெண்டு தாங்கோ' என்பார்கள். 'அவருக்குக் குடுங்கோ' என்பார்கள். கேரளக் கரையிலிருந்து கடன் வாங்கியதாக யாரும் சொல்ல முடியாது. தெற்கே நாகர்கோவில், கடல் தாண்டி யாழ்ப்பாணம், மலை மேலே தோடர் மந்து, மேற்கே மலையாள நாடு - நான்கு மூலையிலும் இருக்கும் ஒரு பழக்கம் நடுவில் மட்டும் தேய்ந்திருக்கிறது. தேய்ந்தது நடுப்பகுதிதான்; ஓரங்கள் பழையதை வைத்துக்கொண்டிருக்கின்றன.

ஆளுக்கு ஒரு சொல்

பக்கத்து மொழிகளைப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகிறது. பழந்தமிழில் கொடுத்தலைக் குறிக்க மூன்று வினைகள்: ஈ, தா, கொடு. உறவுக்கார மொழிகள் பாகப்பிரிவினை செய்ததுபோல ஆளுக்கு ஒன்றை முதன்மையாக எடுத்துக்கொண்டன. தெலுங்கு 'ஈ'யை எடுத்துக்கொண்டது. 'இச்சு', 'இவ்வண்டி' என்று விஜயவாடாவில் கேட்பது நம் ஈகையின் ரத்த சொந்தம். கன்னடம் 'கொடு'வை எடுத்துக்கொண்டது. பெங்களூரில் 'நனகெ கொடி' என்றால் எனக்குக் கொடுங்கள். அப்படியானால் அங்கே 'தா' என்ன ஆயிற்று? கன்னடத்தில் 'தரு', தெலுங்கில் 'தெச்சு' - இரண்டுக்கும் பொருள் 'கொண்டுவா'. 'தா' என்பதற்குள் 'இங்கே' என்ற திசை ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பெங்களூரில் வளர்ந்த தமிழரும் மதுரையிலிருந்து வந்த பையனும் சாலையில் ஒரே இடத்தில் தடுக்கி விழுவதற்கு இதுவே காரணம். இருவர் காதிலும் 'கொடு'வுக்குத் திசை கிடையாது.

ஆங்கிலம் எங்கே நிற்கிறது?

இவ்வளவு நுணுக்கம் தேவையா, 'கிவ்' என்ற ஒரே சொல்லை வைத்து ஆங்கிலேயன் உலகத்தையே ஆளவில்லையா என்று கேட்கலாம். ஆங்கிலேயனும் கோடு போட்டிருக்கிறான். வேறு இடத்தில்.

நம் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர்கள் சிவப்பு மையைத் தாராளமாகச் செலவழிக்கும் ஓர் இடம் 'பிரிங்', 'டேக்' என்ற இரண்டு வினைகள். இரண்டும் ஒன்றை எடுத்துச் செல்வதுதான். ஆனால் பேசுகிறவரிடமோ கேட்கிறவரிடமோ வந்து சேர்ந்தால் 'பிரிங்'. வேறெங்காவது போனால் 'டேக்'. 'நாளைக்கு உங்க வீட்டுக்கு எடுத்துட்டு வர்றேன்' என்பதை 'ஐ வில் டேக் இட் டு யுவர் ஹவுஸ்' என்று எழுதினால், கேட்கிற ஆங்கிலேயனுக்கு அந்த வீட்டில் அப்போது நாம் இருக்கப்போவதில்லை என்று படும். 'பிரிங்' என்றால் வீட்டில் காத்திருப்பேன் என்பான். 'கம்', 'கோ' என்ற ஜோடியும் அப்படித்தான். அம்மா கூப்பிட்டால் ஆங்கிலக் குழந்தை 'ஐ ஆம் கமிங்' என்கிறது. நம் குழந்தை 'இதோ வர்றேன்' என்கிறது. கேட்கிறவரை நோக்கிப் போவதையும் 'வருவது' என்று சொல்வது எல்லா மொழிக்கும் பொதுவல்ல. ஸ்பானியக் குழந்தை அதே இடத்தில் 'வோய்', அதாவது 'போகிறேன்' என்றுதான் சொல்லும்.

ஆக, நானும் நீயும் ஒரு பக்கம், அவன் மறுபக்கம் என்ற அதே கோட்டைத்தான் ஆங்கிலமும் வருவதிலும் கொண்டுவருவதிலும் போட்டிருக்கிறது. கொடுப்பதில் மட்டும் விட்டுவிட்டது. தொல்காப்பியர் இரண்டிலும் போட்டார். 'பிரிங்'கும் 'டேக்'கும் புரியாமல் தவிக்கும் தமிழ் மாணவனுக்கு 'கொண்டுவா', 'கொண்டுபோ' என்று சொல்லித் தந்தால் பாதிச் சிக்கல் தீரும். 'தா', 'கொடு' வேறுபாட்டோடு வளர்ந்த பிள்ளைக்கு மீதியும் தீரும். அயர்லாந்தில் மற்றவர் 'டேக்' என்னும் இடத்தில் 'பிரிங்' என்பார்கள். லண்டன்காரர்கள் அதைக் கேட்டுப் புன்னகைப்பார்கள். சென்னையும் நாகர்கோவிலும் போலத்தான்.

ஜப்பானியர்கள் கொடுப்பதிலேயே கோடு போட்டவர்கள். ஒருவர் எனக்குத் தந்தால் 'குரெரு'. நான் பிறருக்குக் கொடுத்தால் 'அகெரு'. அங்கே எனக்கு என்பதில் என் வீட்டாரும் சேர்த்தி; என் தங்கைக்கு ஒருவர் பரிசு தந்தாலும் 'குரெரு'தான். உடனே தமிழும் ஜப்பானும் உறவு என்று கிளம்பிவிட வேண்டாம். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் அப்படிச் சொன்னார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவே இல்லாத இரண்டு மொழிகள் தனித்தனியே ஒரே கோட்டைப் போட்டிருப்பதுதான் கவனிக்க வேண்டியது. 'நம்ம ஆள்' யார், 'வேற்றாள்' யார் என்பது மனிதர்களுக்கு எங்கேயும் முக்கியமாக இருந்திருக்கிறது.

யார் யாரிடம் கேட்பது?

தொல்காப்பியம் இன்னொரு செய்தியையும் வைத்திருக்கிறது. அது கடைத்தெருவுக்கு நேரடியாகப் பொருந்தும். எச்சவியலில், ஒருவர் மற்றவரிடம் ஒன்றைக் கேட்கும்போது எந்தச் சொல்லைப் பயன்படுத்துவார் என்று நூல் பிரிக்கிறது. தாழ்ந்த நிலையில் இருப்பவன் உயர்ந்தவனிடம் கேட்கும் சொல் 'ஈ'. சமமானவன் சமமானவனிடம் கேட்பது 'தா'. உயர்ந்தவன் கேட்பது 'கொடு'.

இதில் ஒரு முரண்பாடு தெரிகிறதல்லவா? 'கொடு' படர்க்கைக்கு உரியது என்று முன்பே விதி செய்தாயிற்று. உயர்ந்தவன் தனக்காகக் கேட்கும்போது அதை எப்படிச் சொல்வான்? இலக்கணம் அதற்கும் பதில் வைத்திருக்கிறது: அவன் தன்னை வேறொருவன்போல வைத்துப் பேசுகிறான். தனக்கு வேண்டும் என்று கேட்பது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். அதனால் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்கிறான். 'எனக்குக் கொடு' என்ற வாக்கியம் முதலில் பிறந்தது இந்த மேடையில்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இன்று சென்னையில் 'கொடுங்க' என்கிறவர் யாரும் தன்னை உயர்ந்தவனாக நினைத்துக்கொண்டு கேட்பதில்லை. சொற்கள் பிறந்த வீட்டு வாசனையை எப்போதோ தொலைத்துவிடுகின்றன. சாலைக் கடைக்காரருக்கும் அதனால் கோபம் வருவதில்லை. வெளியூர்க்காரர் என்று மட்டும் புரிந்துகொள்கிறார். இருந்தாலும் அந்தக் கடைத்தெருவின் பேரப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றால் ஒன்று தோன்றும். 'ஒரு கிலோ தரணே', 'பாக்கி தா', 'நாளைக்குத் தாறேன்.' வாங்குகிறவரும் விற்கிறவரும் கையாள்வது சமமானவர்களின் சொல். சந்தைக்கு அதுதானே பொருத்தம்?

இரண்டு பக்கமும் இடி

வேடிக்கைபோலத் தொடங்கிய விஷயத்தில் வருத்தமான பகுதி ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது திருவிதாங்கூரின் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தலைநகரான திருவனந்தபுரம் கேரளத்தில் நின்றது. சாலைத் தமிழர்கள் கடையை விட்டு எங்கும் நகரவில்லை. எல்லைக்கோடுதான் நகர்ந்தது. அதுவரை சொந்த அரசின் தலைநகரில் வியாபாரம் செய்தவர்கள் ஒரே நாளில் மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள்.

அதற்குப் பிறகு அவர்களுக்கு இரண்டு பக்கமும் இடி. கேரளத்தில் கோபம் வந்தால் 'பாண்டி' என்ற ஏச்சு. மதுரைக்கோ சென்னைக்கோ படிப்புக்கும் வேலைக்கும் போனால் 'மலையாளத்துக்காரன்' என்ற கேலி. 'தாங்க', 'தாறேன்' என்று ஆரம்பித்தாலே வகுப்பில் சிரிப்பு எழும். பிள்ளைகள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள்: வெளியே 'குடுங்க', வீட்டில் 'தாங்க'. அடுத்த தலைமுறையில் வீட்டிலும் 'குடுங்க' வந்துவிடும். பள்ளியில் படிப்பது மலையாளமும் ஆங்கிலமும். டிவியில் கேட்பது சென்னைத் தமிழ். பாட்டியின் வாயில் மட்டும் மிஞ்சியிருக்கும் வழக்கு தவறான தமிழ் என்று பேரன் நம்பத் தொடங்குகிறான். தொல்காப்பியம் சரி என்று சொன்னதைத் தவறு என்று நினைத்துக் கைவிடுகிறான் என்பது அவனுக்கு யாரும் சொல்லாத செய்தி.

மொழி மாறுவது குற்றமல்ல. 'எனக்கு', 'அவனுக்கு' என்று கூடவே சொல்லிவிட்டால் சென்னைத் தமிழில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. மதுரைப் பையனின் தமிழும் தமிழ்தான். அவனுடைய தாத்தாவுக்குத் தாத்தா எப்போதோ ஒரு சொல்லை இறக்கி வைத்தார், அவ்வளவுதான். இறக்கி வைக்காதவரைப் பார்த்து 'உன் தமிழில் மலையாளம் கலந்துவிட்டது' என்று சொல்வதுதான் அநியாயம்.

அந்தத் தமிழுக்கு இலக்கியத்தில் இடம் வாங்கிக்கொடுத்தவர்கள் இல்லாமலில்லை. சாலையிலேயே பல ஆண்டுகள் கடை நடத்திய ஆ. மாதவன் அந்தத் தெருவின் மனிதர்களைக் 'கடைத்தெருக் கதைகள்' என்று எழுத்தில் கொண்டுவந்தார். அவர்களுடைய பேச்சைச் சென்னைக்கு ஏற்பத் திருத்தாமல் எழுதினார். 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரை நூலுக்காக 2015-இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2021 ஜனவரியில் அவர் காலமானார். அதே ஊரின் நீல. பத்மநாபனும் அந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கை நாவலுக்குள் தயங்காமல் கொண்டுவந்தவர். இந்த எழுத்தைப் படித்து ரசித்த சென்னை வாசகர்கள், அதே பேச்சு நேரில் காதில் விழும்போது ஏன் சிரிக்கிறார்கள் என்பது புரியாத புதிர்.

வரவும் செலவும்

மாலையில் மளிகைக் கடைக்குத் திரும்பிப் போனால், முதலாளி கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். காலையில் நடந்ததைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிறார். "பையன் நல்ல பையன். பாசைதான் இன்னும் பிடிபடல. ஒரு வருஷத்தில சரியாயிடும்."

நோட்டு விரிந்து கிடக்கிறது. இடது பக்கம் 'வரவு', வலது பக்கம் 'செலவு'. தொல்காப்பியர் ஒன்றாக நிறுத்திய நான்கு சொற்களில் இரண்டு தமிழ்க் கடைகளின் கணக்கு நோட்டில் இன்றுவரை தலைப்பாக நிற்கின்றன. வந்தது நம் பக்கம். சென்றது பிறர் பக்கம். மூன்றாவது சொல்லான 'தரவு' கம்ப்யூட்டர்காரர்களின் 'டேட்டா'வுக்குத் தமிழ்ப் பெயராகிவிட்டது. நான்காவதான கொடை நன்கொடை ரசீதில் இருக்கிறது. பெயர்ச்சொல்லாக நான்கையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். வினையாகப் பேசும்போதுதான் கோடு அழிந்துவிடுகிறது.

கடை மூடும் நேரத்தில் ஒரு கிழவி வந்து நூறு கிராம் மல்லி கேட்கிறாள். பையன் பொட்டலம் கட்டி நீட்டுகிறான். சில்லறை இல்லை. நாளைக்குத் தருவதாகச் சொல்லிவிட்டுக் கிழவி நடக்கிறாள். முதலாளி தலைநிமிராமல் கேட்கிறார்: "லேய், பைசா?"

பையன் ஒரு கணம் யோசிக்கிறான். பிறகு மெதுவாகச் சொல்கிறான்: "நாளைக்குத் தருவாங்களாம், மொதலாளி."

முதலாளி தலையாட்டிவிட்டு நோட்டை மூடுகிறார்.